டாக்வுட் கோப்பை வரலாற்றில் உன் அக்காவின் பங்கு

மில்ஸ்டோன் ஃபோர்க், கென்டக்கி
பிப்ரவரி, வியாழக்கிழமை

பேரன்பும் பெருமதிப்பும் வாய்ந்த மைத்துனர் ஹாலிஸ் ப்ரூயிட் அவர்களின் சமூகத்துக்கு, உன் அக்கா மேவிஸின் கணவன் ஆரின் டாக்கெட் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உன் அக்காவும் நலம், தேவைக்கு அதிகமாகவே நலம். இக்கடிதமே அதைப் பற்றித்தான். அங்கே டல்சாவில் நீயும் உன் மனைவியும் உன் முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

டாக்வுட் கூட்டமைப்புக் கல்லூரிகளின் கூடைப்பந்துக் கோப்பைக்கு இந்த மார்ச்சில் நூறு வயது. அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பை எங்கள் ஃபெர்ன்வேல் கல்லூரி என் தலையில் கட்டியிருக்கிறது. நானும் பாரபட்சமில்லாமல்தான் ஆரம்பித்தேன். ஆனால் எழுத எழுத, உங்கள் டன்மோர் கல்லூரி மீது சந்தேகம் வராமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா? முதல் போட்டி புகையிலைக் கிடங்கில் நடந்தது, நட்ட நடுவில் ஒரு தூண். எதிரணிக்காரர்கள் எல்லாரும் அதில் முட்டிக்கொண்டிருக்க, டன்மோர் பையன்கள் மட்டும் ஒருவன்கூட முட்டவில்லை. எப்படி? முன்கூட்டியே வந்து பழகியிருக்கிறார்கள் என்கிறேன் நான். வெள்ளம் வந்த வருஷம் எல்லா அணிகளும் படகில் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து சேர, டன்மோர் அணி காய்ந்த சட்டையோடு வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. யுத்தகாலத்தில் ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, மூன்று பிள்ளை பெற்ற ஒரு பிரசங்கியாரை மாணவர் என்று களத்தில் இறக்கினார்கள். அவர் பந்தைப் போடும் முன் ஜெபம் செய்வாராம், தடுக்கப் போனவர்கள் மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்களாம். இதெல்லாம் சரித்திரமா மச்சான், இது போலீஸ் ஸ்டேஷன் சமாச்சாரம்.

அறுபத்தொன்பதாம் வருஷத்து இறுதி ஆட்டத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ டன்மோர் பக்கம் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாய். உன் அக்கா நீலப் பாவாடையில் டன்மோருக்காகக் குதித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒரே ஒரு புள்ளி பின்னால். பந்து என் கையில். போட்டேன். விழுந்தது. வலை அசைந்ததை ஊரே பார்த்தது. முறம் மாதிரிக் காது வைத்த நடுவர் கார்லண்ட் பீஸ்லி மட்டும், ஆட்டம் முடிந்த ஹாரன் முதலில் அடித்துவிட்டது, கூடை செல்லாது என்று இரண்டு கையையும் வீசினான். அந்த வீச்சு இன்னும் என் கண்ணுக்குள் வீசிக்கொண்டே இருக்கிறது. அடுத்த வருஷமே உன் அக்கா என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஊரிலேயே அழகான பெண், தோற்ற அணியின் ஆளை, அதுவும் இந்த மூக்கோடு, ஏன் கட்டிக்கொள்ள வேண்டும்? அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்குத் தோன்றுகிறது.

ஏனென்று கேள். கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்து உன் அக்கா செவ்வாய்தோறும் செர்ரிப் பழத்தை மாவுக்குள் வைத்து ஒரு பை சுட்டு, துணி மூடி, "சர்ச்சில பாட்டுப் பயிற்சி" என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பாடப் போகிறவளுக்குப் பை எதற்கு என்று நானும் கேட்டதில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஆணி வாங்கப் போன கடையில் பாட்டுக்குழுத் தலைவர் எல்வுட்டைப் பார்த்தேன். "எப்படிப் போகுது பயிற்சி?"ன்னு கேட்டேன். "எங்கே போகுது? பியானோ வாசிக்கிற அம்மா இடுப்பை உடைச்சுக்கிட்டதிலிருந்து பயிற்சியே இல்லையே ஆரின்"ங்கிறான். மச்சான், கையிலிருந்த ஆணியெல்லாம் தரையில கொட்டிப்போச்சு. எல்வுட்தான் குனிஞ்சு பொறுக்கிக் குடுத்தான். பொறுக்கும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அது இன்னும் ஆறல.

அடுத்த செவ்வாய் பக்கத்து வீட்டு ட்வைட்டோட பிக்கப் வண்டியை இரவல் வாங்கி அவ பின்னாலேயே போனேன். பின்பக்கத்துல அவனோட வேட்டை நாய் ஏறிப் படுத்திருந்தது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு சிக்னல்லயும் பை வாசனைக்கு அது குலைக்குது, நான் ஸ்டியரிங்குக்கு அடியில தலையை ஒளிச்சுக்கிறேன், பின்னாடி வந்தவங்க எல்லாம் ஹாரன் அடிக்கிறாங்க. அவ கார் போய் நின்ன இடம் ஆற்றங்கரை முதியோர் இல்லம். நான் பின்வாசல் வழியா நுழைஞ்சதுதான் தாமதம், ஒரு நர்ஸம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"வாங்க வாங்க, காலையிலிருந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம். இன்னிக்குச் சேர்றவர் நீங்கதானே?"

"நான் சேர வரலைம்மா."

"எல்லாரும் முதல் நாள் அப்படித்தான் சொல்வாங்க. உட்காருங்க தாத்தா."

சக்கர நாற்காலியில அழுத்தி உட்காரவெச்சு, ரத்த அழுத்தம் பார்த்தாங்க. அது எவ்வளவு இருந்திருக்கும்னு நீயே யோசிச்சுக்கோ. அந்தம்மா பயந்துபோய், "பேசவே கூடாது"ன்னு என் வாயில ஒரு தெர்மாமீட்டரைத் திணிச்சுத் தள்ளிக்கிட்டுப் போறாங்க. போற வழியில ஒரு அறை, கதவு பாதி திறந்திருக்கு. உள்ளே உன் அக்கா. எதிர்ல ஒரு கிழவன், கரண்டியால பை தின்னுக்கிட்டு. முகம் சுருங்கிப் போச்சு, ஆனா அந்தக் காதை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். நடுவர் பீஸ்லி!

"ஆரினுக்கு மட்டும் தெரியவே கூடாது. மார்ச் வரைக்கும் வாயைத் திறக்காதீங்க"ன்னு உன் அக்கா சொல்றா.

"அறுபத்தொன்பதுல நடந்ததுக்கு இப்ப போயி..."ன்னு அவன் ஏதோ இழுக்கிறான். மிச்சம் கேட்கிறதுக்குள்ள என்னைச் சாப்பாட்டுக்கூடத்துக்குத் தள்ளிட்டாங்க. வாயில தெர்மாமீட்டர், நான் எப்படிக் கத்துவேன்? நிஜமா சேர வேண்டிய ஆசாமி வந்து சேர்ந்த பிறகுதான் என்னை விட்டாங்க. அதுக்குள்ள எனக்கு முடி வெட்டி முடிச்சிருந்தாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் உன் அக்கா என் தலையைப் பார்த்தா, ஒண்ணும் கேட்கல. அதுவே சந்தேகம்தானே?

மறுநாள் சாப்பாட்டு மேஜையில, உன் அக்கா அவரைக்காயும் சோள ரொட்டியும் பரிமாறிக்கிட்டு இருக்கிறப்ப, போட்டு உடைச்சேன்.

"அந்த பீஸ்லிக்கு அறுபத்தொன்பதுல என்ன குடுத்தே மேவிஸ்?"

"என்ன குடுத்தேன்னா?"

"உங்க காலேஜ் ஜெயிக்கணும்னு அவன் கையை வீசவெச்சது யாரு? அந்த உறுத்தல்லதானே என்னைக் கட்டிக்கிட்டே?"

அவ கரண்டியைக் கீழே வெச்சா. கோபப்படுவான்னு பார்த்தேன், படல. "உங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் கட்டிக்கிட்டேன்னு நினைக்கிறீங்களா? இவ்வளவு வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தீங்களா ஆரின்?"ன்னா. பதில் சொல்ல வாயைத் திறக்கிறதுக்குள்ள எழுந்து விருந்தாளி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. அன்னையிலிருந்து சாப்பாடு வருது, பேச்சு வரல. மேஜைக்கு அந்தப் பக்கம் காலியா இருக்கு, நான் உப்பைக் கூட நானே எழுந்து எடுத்துக்கிறேன்.

ஆகவே மைத்துனரே, இரண்டில் ஒன்று செய்யவும். அன்று ஆட்டத்துக்கு முன் உன் அக்காவும் அந்த நடுவனும் பேசிக்கொண்டதைப் பார்த்திருந்தால் பைபிள் மேல் கைவைத்து எனக்குத் தெரிவிக்கவும். இல்லையென்றால் புறப்பட்டு வந்து உன் அக்காவை டல்சாவுக்கு அழைத்துப் போகவும். எப்படியானாலும் டாக்வுட் கோப்பை வரலாற்றில் அவள் பெயரைப் போட்டு நடந்ததை எழுதிவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். கணவன் என்பது வேறு, வரலாற்றாசிரியன் என்பது வேறு.

உன் முழங்காலுக்கும் உன் மனைவியின் தோட்டத்துக்கும் ஆண்டவன் சகல சுகமும் அருளட்டும். உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோப்பையை இழந்தும் மானத்தை இழக்காத,
ஆரின் டாக்கெட்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் உடனே தபாலில் சேரவில்லை. ஸ்டாம்பு விருந்தாளி அறை மேஜையில் இருக்கிறது, கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது மார்ச். நேற்று நூற்றாண்டு விழா நடந்தது.

மேடைக்குப் பீஸ்லியை சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தது உன் அக்கா. நான் முன்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழவன் மைக்கைப் பிடித்தான். "இந்தம்மா வாரா வாரம் எனக்குப் பை கொண்டு வந்தாங்க. 'அந்தக் கூடை நல்ல கூடைதான், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்னு விழாவுல ஒரு வார்த்தை சொல்லுங்க, என் வீட்டுக்காரர் மனசு ஆறட்டும்'னு கெஞ்சினாங்க. யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு சொல்லி எல்லாப் பையையும் தின்னுட்டேன். யோசிக்க ஒண்ணுமே இல்லை. ஹாரன் அடிச்சப்ப பந்து அவர் கையிலதான் இருந்துச்சு. மன்னிச்சிடும்மா, எனக்குப் பொய் சொல்ல வரல."

கூட்டம் மொத்தமும் திரும்புகிறது. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் மேவிஸைப் பார்க்கிறேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மச்சான், அவ டன்மோர்காரி. தன் காலேஜ் ஜெயிச்ச கோப்பையை எடுத்து எனக்குக் குடுத்துடச் சொல்லி, குளிர்காலம் முழுக்க பனியில கார் ஓட்டிக்கிட்டுப் போய்க் கெஞ்சியிருக்கா. நான் அவளைப் பின்தொடர்ந்து நாயோட போயிருக்கேன்.

எப்படி மேடையேறினேன் என்று தெரியாது. மைக்கில், "அறுபத்தொன்பதில் ஜெயித்தது டன்மோர்" என்று சொன்னேன். உன் அக்கா பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஏங்க, உடம்பு சரியில்லையா?" என்றாள். "பரிதாபத்துல இல்லையே மேவிஸ்?"ன்னு மெதுவாக் கேட்டேன். "ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறமும் காலிக் களத்துல நின்னு கூடையோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க. சிரிப்பு தாங்காம கட்டிக்கிட்டேன்"னா. மைக் அணைக்கப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே நீ அவளை அழைத்துப் போக வர வேண்டாம். சும்மா வேண்டுமானால் வா. வரலாற்றிலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன், அந்தத் தூண் விஷயத்தைத் தவிர. அதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

திரும்பி வரும்போது காரில் உன் அக்கா டன்மோர் கல்லூரிப் பாட்டை முணுமுணுத்தாள். என் வண்டியில் அந்தப் பாட்டு ஒலிப்பது இதுதான் முதல் தடவை. நிறுத்தச் சொல்லவில்லை. நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன் என்று அவள் உனக்கு எழுதினால், நம்பாதே.