ஒரு ‘உம்’மைக் கேட்க வாங்கிய இயர்போன்

காஞ்சிபுரத்தில் நெய்யப்படும் எந்தப் பட்டுப்புடவையும், சுடப்படும் எந்த வடையும், நடக்கும் எந்தக் கல்யாணமும் நொட்டை சாரிடம் ஒரு குறையாவது கேட்டுக்கொள்ளாமல் முடிந்ததே கிடையாது. ஒரு நாள் காலையில் வானத்தைப் பார்த்து, “இன்னிக்கு செவப்பு ஒரு பக்கமா திட்டுத் திட்டா இருக்குது” என்று சூரிய உதயத்துக்கே நொட்டை சொன்னவர் அவர். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும். பிள்ளையார்பாளையத்தில் நான் வேலை பார்த்த பட்டு சொசைட்டியில் அவர்தான் தரம் பார்ப்பவர். நெசவாளர்கள் கொண்டு வரும் புடவையை மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியை வைத்து, மூக்கு நுனி துணியில் படப் பட ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போய்விட்டு வருவார். அடுத்த மேசையில் எனக்குப் புடவைகளைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றும் வேலை. என் படங்களும் தப்பவில்லை. “பொடவ நல்லாருக்குது. அதோட நிழலு சரியில்லபா” என்பார். நிழலை நான் என்ன செய்ய முடியும்?

அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணுக்கு ஊர் பக்கத்துக் கிராமமான முசரவாக்கம். பெயர் பவித்ரா. டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள். நிச்சயத்தன்று அவளை ஐந்து நிமிடம் பார்த்தேன். அதில் ஒரு முறை சிரித்தாள், அல்லது தும்மலை அடக்கினாள். எதுவென்று எனக்குப் பிடிபடவில்லை. அவளுடைய சித்தப்பா ஒரு நம்பரைக் கொடுத்து, “பொண்ணு நம்பரு மாப்ள, தாராளமா பேசுங்க” என்றார்.

தாராளமாகத்தான் பேசினேன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் பேசினேன். அந்தப் பக்கமிருந்து தாராளமாக வந்தது ஒரே ஒரு சொல்.

“சாப்ட்டியா பவித்ரா?”

“உம்.”

“என்னைப் பிடிச்சிருக்கா?”

கொஞ்சம் இடைவெளி. பிறகு, “உம்.”

அந்த இடைவெளிதான் என்னைக் கொன்றது. பிடித்திருக்கிறது என்கிற ‘உம்’மா, விதியே என்று சொல்லும் ‘உம்’மா? அப்பா அம்மா கட்டாயத்துக்குத் தலையாட்டியிருக்கிறாளா? வாட்ஸப்பில் இதயப் படமாக மூன்று அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. மனமில்லாத பெண்ணின் கழுத்தில் தாலி கட்டுகிற பாவியாகிவிடுவேனோ என்று பயம் பிடித்துக்கொண்டது. கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான் பாக்கி.

குழம்பிப்போன மனிதன் என்ன செய்வான்? சாமான் வாங்குவான். என் போனின் சத்தம் மட்டம், அதனால்தான் அந்த ‘உம்’முக்குள் இருக்கும் உணர்ச்சி என் காதுக்கு எட்டவில்லை என்று முடிவு கட்டினேன். நல்ல இயர்போன் எது என்று இணையத்தில் தேடினேன். ஒருவர் ‘ஒலி தேன் மாதிரி’ என்று எழுதியிருந்தார். அதே இயர்போனை இன்னொருவர் ‘தகர டப்பா’ என்றார். மூன்றாமவர் ‘ஐம்பது மணி நேரம் ஓடவிட்டால் தகரம் தேனாகிவிடும்’ என்றார். எல்லாரும் ஒத்துப்போன ஒரே விஷயம், நல்ல ஒலி வேண்டுமென்றால் வயர் வைத்ததுதான் என்பது. அரை மாதச் சம்பளத்தைப் போட்டு, காதுக்குள் செருகும் வகையில் வயர் வைத்த இயர்போன் ஒன்றை வாங்கினேன். என் புதுப் போனில் அதைச் செருக ஓட்டையே இல்லை. அதற்கு ஒரு துண்டு வயர் தனியாக வாங்கினேன்.

டப்பாவைத் திறந்தால் எட்டு ஜோடி ரப்பர். காதுக்குத் தகுந்ததை மாட்டிக்கொள்ள வேண்டுமாம். என் காது எந்தச் சைஸ் என்று எனக்கு எப்படித் தெரியும்? மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் சத்தமும் மாறி மாறி வந்தது. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது, தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

“குடு, பாக்கலாம்.”

நொட்டை சார் முதலில் அதைத் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பட்டுப்புடவையின் நிறத்தைக் கடை விளக்கில் யாரும் நம்ப மாட்டார்கள். இயர்போனுக்கும் அதுவே சட்டம் போலிருக்கிறது. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார். பின்னல் போட்ட அந்த வயரை விரல் நுனியில் உருட்டி, “முறுக்கு பத்தல” என்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். அசல் பட்டா என்று பார்க்க ஒரு இழையைக் கொளுத்தி மோந்து பார்ப்பது வழக்கம்.

“சார்! அது வயர் சார்!”

“ஒரு ஓரமாத்தான்பா. இத்துனூண்டு.”

பிடுங்கிக்கொள்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

சௌகரியத்தைச் சோதிக்க அவர் எடுத்துக்கொண்டது மத்தியானச் சாப்பாடு. இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு இலை முன் உட்கார்ந்தார். அப்பளத்தை ஒரு கடி கடித்தவர், கட்டிடம் இடிந்த மாதிரி துள்ளி எழுந்து கதவுப் பக்கம் ஓடினார். காதை அடைத்துக்கொண்டு மென்றால் மண்டைக்குள் அப்படித்தான் கேட்கும் என்று நான் விளக்கினேன். “அப்ப இத்த மாட்டிக்கினு மனுசன் அப்பளம் துண்ணக் கூடாதா?” என்று கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டார். ரசத்துக்குப் பரவாயில்லை, முறுக்குக்கு உதவாது, கொட்டாவி விட்டால் இடது பக்கம் கழன்றுகொள்கிறது. இப்படி ஒரு பக்கம்.

அடுத்து ஒலி. கண்ணை மூடிக்கொண்டு நாலு பாட்டுக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“பாவு கெட்டியா இருக்குது. ஊடைதான் கொஞ்சம் தொளதொளன்னு ஓடுது. சரிகை ரொம்பத் தூக்கல்பா, கண்ணு கூசுது.”

“சார், இது பாட்டு.”

“தெரியும்பா. கீழ தும்மு தும்முனு நீளத்துக்கும் ஓடுது பாரு, அது பாவு. அதுக்குக் குறுக்கால போய்ப் போய் வர்றான் பாரு பாடுறவன், அவன் ஊடை. ஜால்ரா, சலங்கை எல்லாம் சரிகை. ஒடம்பும் பார்டரும் சேர்ற எடத்துல கோர்வைன்னு ஒண்ணு இருக்குதில்ல? அந்த மாதிரி, எடது காதும் வலது காதும் நெத்தி நடுவுல வந்து சேரணும். இது ஒரு விரக்கடை தள்ளிச் சேருது.”

அதற்கப்புறம் எனக்கு எந்தப் பாட்டைக் கேட்டாலும் புடவை தெரிய ஆரம்பித்தது. இருந்த குழப்பம் போதாதென்று இது வேறு.

“பாட்டெல்லாம் பாலீசு போட்ட சரக்கு. இத வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. பாலீசு போடாத கச்சாச் சரக்கு எதுனா இருக்குதா?” என்று கேட்டுக்கொண்டே என் போனைத் தானே நோண்டினார். என் போன் எல்லாப் பேச்சையும் பதிவு செய்து வைத்துக்கொள்ளும் ஜாதி. எதையோ அமுக்கினார். சட்டென்று அவர் முகம் மாறியது. நான் பாய்ந்தேன். அவர் ஒரு கையால் என்னைத் தள்ளி நிறுத்தினார்.

“சும்மா இருபா. ‘உம்’ங்குது.”

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் விஷயத்தை எல்லாம் அவரிடம் கொட்டினேன். அவர் புடவையில் ஓடிப்போன இழையைத் தேடுகிற அதே முகத்தோடு, பதிவாகியிருந்த அத்தனை ‘உம்’களையும் வரிசையாகக் கேட்டார். கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றினார்.

“தம்பி, இதுல அஞ்சு பேரு இருக்கறாங்க.”

“எதுல சார்?”

“இந்த ‘உம்’ல. முன்னாடி பொண்ணு. ஒரு மொழம் தள்ளி ஒரு ஆம்பள, வெத்தல மெல்றாரு. அவுருக்கு அந்தாண்ட ரெண்டு பொம்பளங்க, ஒருத்தருக்கு சளி. நீ ‘புடிச்சிருக்கா’ன்னு கேக்கச் சொல்ல, பின்னால ஒருத்தரு சிரிப்ப அடக்கறாரு பாரு, அது அஞ்சாவது ஆளு. போன நடுவுல வச்சிக்கினு குடும்பமே குந்திக்கினு இருக்குது. அந்தப் பொண்ணு ‘உம்’முன்னு சொல்லாம வேற இன்னா சொல்லும்?”

நான் மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு ‘உம்’தான் கேட்டது. இந்த மனிதருக்குக் காது இருக்கிறதா, கற்பனை இருக்கிறதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் இயர்போனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, பெண் வீடு எந்தத் தெரு என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. நான் சேர்ந்ததிலிருந்து அவர் லீவு போட்டதே இல்லை. பதினொரு மணிக்கு என் போன் அடித்தது. ‘பவித்ரா’ என்று காட்டியது. அந்த நேரம் பார்த்து எங்கள் மேனேஜர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நான்தாங்க. தனியாத்தான் இருக்கறேன், ஏரிக்கரைல. யாருங்க அந்த ஆளு?”

ஒரே மூச்சில் எத்தனை வார்த்தை! எனக்குத் தலை சுற்றியது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். காலையில் மொபெட்டில் ஒருவர் வந்து இறங்கினாராம். “மாப்ள அனுப்பினாரு. இத்தப் பொண்ணு காதுல மாட்டிப் பாக்கணும்” என்று கறுப்பு வயரை எடுத்து நீட்டினாராம். வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. “காதுக்குக் கம்மல் குடுப்பாங்க, தோடு குடுப்பாங்க. இது இன்னா ஒயரு?” என்று அத்தை கேட்க, “அவுங்க ஊட்டு வழக்கமா இருக்கும். டவுன்ல எப்டியோ, வாய மூடு” என்று அப்பா அடக்கிவிட்டாராம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், நடுவில் இயர்போன். குங்குமம் வைத்திருக்கிறார்கள். அம்மா மறக்காமல் ரப்பரில் மஞ்சளும் தடவியிருக்கிறாள். நல்ல நேரம் பார்த்து, அப்பாவின் பழைய போனில் அதைச் செருகியிருக்கிறார்கள். அதில் ஓட்டை இருந்தது.

“அப்புறம் அவுரு சொன்னாருங்க, இத்த மாட்டிக்கினு வெளிய நடக்கணும், ஒயரு கழுத்துல உரசுதா, காது நோவுதான்னு பாக்கணும், கூட ஒருத்தரும் வரக்கூடாது, வந்தா பரிசோதன கெட்டுடும்னு. அப்பாவே செருப்ப எடுத்துப் போட்டு அனுப்பிட்டாரு.”

“உம்” என்றேன். மேனேஜர் காது அரை அடியில் இருந்தது.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நிச்சயம் ஆன நாள்லேந்து கேக்கணும்னு இருக்கறேன். என் போன் உடஞ்சிட்டுது. இது அப்பா போனு. அவுரு எப்பவும் ஸ்பீக்கர்லதான் பேசுவாரு. எல்லாரும் சுத்திக் குந்திக்கினு இருப்பாங்க, எப்டிக் கேக்கறது?”

“உம்.”

“எங்க ஊட்ல லேப் வேலைய உடச் சொல்லிட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போவலாமா? வேணான்னா இப்பவே சொல்லிடுங்க. இந்தக் கல்யாணம் வேணுமா வேணாமான்னு நானும் யோசிக்கணும்.”

“இந்தப் பார்டர் ஏம்பா மங்கலா கீது?” என்றார் மேனேஜர்.

“உம்” என்றேன், இரண்டு பேருக்கும் பொதுவாக.

“இன்னாங்க உம்மு?” அவள் குரல் இறங்கிவிட்டது. “அப்ப புடிக்கலியா?”

ஐந்து வாரமாக நான் பட்ட பாட்டை ஒரு நொடியில் அவளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று உறைத்ததும் துள்ளி எழுந்தேன். “வேலைக்குப் போ! தாராளமாப் போ! யார் வேணான்னு சொன்னாலும் போ!” என்று கத்தினேன். சொசைட்டியே திரும்பிப் பார்த்தது.

“நான் வேலைலதான்பா இருக்கறேன்” என்றார் மேனேஜர் பயந்துபோய்.

அந்தப் பக்கம் பவித்ரா சிரித்தாள். நிச்சயத்தன்று நான் பார்த்தது தும்மல் இல்லை என்று தெரிந்துகொண்டேன். முக்கால் மணி நேரம் பேசினோம். கட்டைவிரல் அனுப்பியது யார் என்று அவள் சொன்னபோது மட்டும் எனக்குக் காது சுட்டது. என் வருங்கால மாமனாருக்கு நான் அதுவரை எத்தனை இதயங்கள் அனுப்பியிருந்தேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் நொட்டை சாரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் நோட்டைப் புரட்டி, “வலது காது ஓகே. எடது காது லேசா நோவுதாம். ஒரு சைஸ் சின்ன ரப்பர் போடச் சொல்லு. ஒயரு நீளம் பத்தல” என்று சொல்லிவிட்டு அடுத்த புடவையை விரித்தார். கல்யாணத்துக்கு வந்தார். சாம்பாரில் உப்பு, மேளத்தில் சுருதி, ஐயரின் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றிலும் நொட்டை சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கு எரிச்சலா, பாசமா என்பதுகூட அப்போது குழப்பமாகத்தான் இருந்தது.

பவித்ரா வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு வருடம் கழித்து, பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னாள். அன்றைக்கு அவள் ஏரிக்கரையில் நடந்து நடந்து பேசிக்கொண்டிருந்தபோது, கரையின் அந்தக் கோடியில், வீட்டிலிருந்து யாரும் வந்துவிடாமல் மொபெட்டைக் குறுக்கே நிறுத்திவிட்டு, நொட்டை சார் வெயிலில் குந்தியிருந்தாராம். அவ்வளவு தூரத்திலிருந்து மனிதர்கள் யாருக்கும் ஒரு சொல்லும் கேட்காது. தனக்குக் கேட்டுவிடுமே என்று, முக்கால் மணி நேரமும் இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், எங்கள் நொட்டை சார்.