நுரையீரலுக்கு ஒரு சிலிண்டர்

அன்று தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள்: மத்திய அரசில் பெரிய பதவி வகித்து ஓய்வுபெற்ற சேஷு, அவர் மகள் மேதா, எதிர்வீட்டு ஜோதிலிங்கம், கடைசியில் வந்து சேர்ந்த வருங்காலச் சம்பந்தி வைதேஹி. இவர்களைத் தவிர, கூடத்தின் நடுவே இடுப்புயரத்துக்கு இரண்டு சிலிண்டர்கள்.

"யாரைக் கேட்டு இதை உள்ளே கொண்டுவந்தே?" சேஷுவின் குரலில் ஜன்னல் அதிர்ந்தது.

"நார்வேல ஏரிக்குள்ள டைவ் பண்ணப் போறேனேப்பா. மூச்சுவிடற சிலிண்டரை முதுகுல இல்லை, ரெண்டு விலாவுக்கும் ஒண்ணொண்ணா மாட்டிக்கணும். இது ஸ்டீல், அது அலுமினியம். எது தோதுன்னு பார்க்கத்தான்..."

"சம்பந்தியம்மா தட்டோட வர நாள்ல! கல்யாணப் பொண்ணு ஐஸ் தண்ணியில குதிக்கப் போறான்னு தெரிஞ்சா, நம்ம குடும்பத்தை மதிப்பாளா?"

"அப்பா, வைதேஹி மாமிக்கு..."

"வாயை மூடு!"

ஸ்டீலைத் தானே பால்கனிக்கு உருட்டினார். அது பால்கனிப் படியில் மோதிய சத்தத்தில் ஜோதிலிங்கம் ஓடிவந்தார்.

"அரே, என்ன சார் இது, சிலிண்டர்?"

சேஷுவுக்கு வேறு வழி தெரியவில்லை. "எனக்குத்தான். நவம்பர்ல தில்லிக் காத்து லட்சணம் தெரியாதா? ஆக்ஸிஜன்."

"ரெண்டா?"

"நுரையீரல் ரெண்டு இல்லையாய்யா?"

ஜோதிலிங்கம் அதைக் காலனி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத்தான் மூச்சுவிட்டார். பத்து நிமிடத்தில் முகம் தெரியாதவர்களெல்லாம் ஆப்பிளோடு வந்து, வாசலில் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். ஒருவர் ரத்த வகை கேட்டார்.

"சார், நீங்க நிக்கவே கூடாது. ஜல்தி, படுங்க." ஜோதிலிங்கம் அவரை சோபாவில் சாய்த்தார். கதவில் தொங்கிய நீளமான கறுப்பு உடையைப் பார்த்தார். "அது என்ன?"

"குளிருக்கு. என்னோடது."

"அப்பா, அது உங்களோடது இல்லை, அது..."

"உன்னை வாயை மூடச் சொன்னேன்!"

"குளிருக்குன்னா போட்டுக்குங்க சார். கை எப்படிச் சில்லிட்டிருக்கு பாருங்க!"

மறுத்தால் குட்டு உடையும். சேஷு வீறாப்பாகக் காலை நுழைத்தார். கை முழங்கையோடு நின்றது, இடுப்பு பிடித்தது. கழுத்து ரப்பரோ குரல்வளையை நெரித்தது. மகளைத் திட்ட வாயைத் திறந்தார்; விசில்தான் வந்தது. முகம் கத்தரிக்காய் நிறமானது.

"சாருக்கு இழுக்குது! ஆம்புலன்ஸ்!" ஜோதிலிங்கம் குழுவுக்கு அடுத்த செய்தியை அனுப்பினார்.

அழைப்பு மணி அடித்தது. பட்டுப்புடவையும் வெற்றிலை பாக்குத் தட்டுமாக வைதேஹி நின்றாள். சோபாவையும் சிலிண்டர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். சிலிண்டர்களை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"மேதா, ஸ்டீலையே எடுத்துக்கோடி. தண்ணி புகாத டிரைசூட் ஏற்கெனவே ஆளை மேல தூக்கும். அலுமினியமும் காலியானா சேர்ந்து தூக்கும். அப்புறம் முங்கறதுக்கு இடுப்பு பூரா ஈயக்கட்டியாக் கட்டிக்கணும்."

சேஷு எழ முயன்றார். முடியவில்லை.

"அம்மா, அதைத் தொடாதீங்க," ஜோதிலிங்கம் பதறினார். "சாரோட ஆக்ஸிஜன். காலனி பூரா தெரியும்."

"காலனிக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கு," என்றாள் வைதேஹி. "அது ஆக்ஸிஜன் இல்லை, வெறும் காத்து. இவருக்கும் சீக்கு இல்லை. இவர் போட்டுண்டிருக்கறது என்னோட டிரைசூட்."