டோக்கன் போராட்டத்தில் என் மாமியார் இறந்த கதை

யாராவது அன்பாக ஒரு கேள்வி கேட்டுவிட்டால், அவர் எதிர்பார்க்கிற பதிலையே சொல்லித் தொலைப்பது என் பிறவி வியாதி. பேருந்தில் பின்னால் நிற்பவர் "இறங்கப் போறீங்களா?" என்று கேட்டால், என் நிறுத்தம் வராவிட்டாலும் இறங்கிவிடுவேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதுகூட, "உனக்குப் படிப்பு ஏறலையாப்பா?" என்று வாத்தியார் கனிவாகக் கேட்டதற்குத் தலையாட்டியதால்தான். இப்படிப்பட்டவன் தொழிற்சங்கப் போராட்டத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை, மாமியாரைக் கொன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில், கண்ணாடிக் கட்டிடங்களுக்குப் பின்னால், வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் சூப்பர்வைசர் நாகராஜ் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் மனசுக்குள்ளாவது நிம்மதியாகத் திட்டலாம். ஆட்கள் பாத்ரூமில் நின்று போன் பார்க்கிறார்கள் என்று யாரோ மேலிடத்தில் சொல்ல, அவர் தன் மேஜைக்கு மேலே ஓர் ஆணி அடித்து அதில் மஞ்சள் பிளாஸ்டிக் டோக்கன் ஒன்றை மாட்டினார். பிரிவு முழுவதற்கும் ஒரே டோக்கன். பாத்ரூம் போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவர் திரும்பி வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும்.

எனக்குச் சர்க்கரை வியாதி. பெட்டிகளைப் பார்த்ததைவிட அந்த ஆணியைப் பார்த்ததுதான் அதிகம். எப்போது பார்த்தாலும் காலியாக இருக்கும். அபூர்வமாக டோக்கன் தொங்கினாலும், எல்லோர் கண் முன்னாலும் நடந்துபோய் அதை எடுக்கக் கூச்சம். தண்ணீர் குடிப்பதையே நிறுத்திப் பார்த்தேன். "கிட்னி மேல ஆசை இல்லையா?" என்றார் டாக்டர். பெண்கள் பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

சங்கம் புகார் கொடுத்தது. பரிசீலிப்பதாக நிர்வாகம் சொன்னது. (பரிசீலிப்பவர்களுக்குத் தனி பாத்ரூம் இருந்தது.) பொறுத்துப் பார்த்துவிட்டு, சங்கச் செயலாளர் பிரான்சிஸ் கறுப்பு பேட்ஜ் போராட்டம் என்று அறிவித்தார். காலை டீ மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேட்ஜைக் குத்திக்கொள்ள வேண்டும், அவர் கையை உயர்த்தியதும் கோஷம் போட வேண்டும். தையல் கடையில் வாங்கிய கறுப்புத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, ஊக்கோடு கொடுத்தார். மணிக்கு முன்னால் யாரும் வெளியே எடுக்கக் கூடாது என்றபோது, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அத்தனை பேர் நடுவில் நின்று குத்தினால், ஊக்கை என் விரலில்தான் குத்திக்கொள்வேன். அதனால் வீட்டிலேயே சட்டையில் குத்திக்கொண்டு, மேலே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். மணி அடித்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினால் போதும். இவ்வளவு மூளை எனக்கு எங்கிருந்து வந்தது என்று பஸ்ஸில் எனக்கே பெருமையாக இருந்தது.

பேக்கிங் பிரிவில் கொஞ்ச நேரம் வேலை செய்தால் வியர்க்கும். வியர்த்தால் ஸ்வெட்டரைக் கழற்றுவது என் தினசரி வழக்கம். அன்றும் கழற்றினேன்.

நாகராஜ் சார் பதறிக்கொண்டு வந்தார். "சேகர், ஏனாயிது, என்ன ஆச்சு? வீட்ல யாராவது…?" என்று தோளில் கை வைத்தார். அந்தக் கை அவ்வளவு மிருதுவாக இருந்தது. தலையாட்டினேன்.

"யாருப்பா?"

எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரைச் சொல்லியிருக்கலாம். என் வாய், உயிரோடு இருப்பவரைத் தேடிப் பிடித்தது.

"மாமியார் சார்."

"இப்படி ஒரு நாள்ல வேலைக்கு வந்திருக்கியே, மனுஷனாப்பா நீ?" என்று கேட்டவருக்குக் கண் கலங்கிவிட்டது. எப்போது எடுக்கிறார்கள் என்று விசாரித்தார். சாயங்காலம் என்றேன். கேட்கிறாரே, ஏதாவது சொல்ல வேண்டுமே.

வீட்டுக்குக் கிளம்பச் சொன்னவர், அதற்கு முன் ஒரு காரியம் செய்தார். பிரிவையே நிறுத்தி, சேகரின் மாமியாருக்காக எல்லோரும் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்க வேண்டும் என்றார். சரியாக அப்போது டீ மணி அடித்தது. பேசிவைத்தபடி அத்தனை பேரும் கறுப்பு பேட்ஜை எடுத்துக் குத்திக்கொண்டார்கள். நாகராஜ் சார் திகைத்து, எங்கள் ஒற்றுமையை நினைத்து நெகிழ்ந்துபோய், தலையைக் குனிந்துகொண்டார். கோஷத்துக்காகப் பாதி உயர்ந்த பிரான்சிஸின் கை, என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலையையே சொறிந்தது. இழவு மௌனத்தில் யார் கோஷம் போட முடியும்? அடுத்து எடுக்க வேண்டியது என்னைத்தான் என்பதுபோல் அவர் பார்த்தார்.

ஆஸ்டின் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மனைவி கலா வேலைக்குப் போயிருந்தாள். மாமியார் பாக்கியம், பூண்டு உரித்துக்கொண்டே டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். பிரான்சிஸின் போன் வந்தது.

"உன் மாமியார் நெஜமாவே போயிட்டாங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"இல்லண்ணே. டிவி பாத்துட்டு இருக்காங்க."

"அந்தாளு மாலை வாங்கிட்டு அங்கதான் வர்றாரு. எக்கேடோ கெட்டுப் போ" என்று வைத்துவிட்டார்.

மாமியாரைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பலாமா, நானே எங்காவது போய்விடலாமா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. என்னை முந்திக்கொண்டு மாமியார்தான் திறந்தார். வாசலில் நாகராஜ் சார், கையில் பெரிய ரோஜா மாலையோடு.

"யாருக்குப்பா மாலை?"

"சேகரோட மாமியாருக்கும்மா. நீங்க யாரு?"

"சேகரோட மாமியார்."

அவர் என்னைப் பார்த்தார். மாமியாரும் என்னைப் பார்த்தார். வேறு வழி இல்லாமல், வாழ்க்கையில் முதல் முறையாக, யாரும் எதிர்பார்க்காத பதில் ஒன்றைச் சொன்னேன். "அந்தக் கறுப்பு பேட்ஜ் சாவுக்குக் குத்துனது இல்ல சார். டோக்கன எடுக்கச் சொல்லிக் குத்துனது."

நாகராஜ் சார் மாலையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் திக்கித் திணறி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். மாமியார் கையமர்த்தினார். "என்னைக் கொன்னதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம் மாப்பிள்ளை. மொதல்ல அது என்ன டோக்கன்?"

சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். சங்கடத்தில் நாகராஜ் சார் மடமடவென்று குடித்தார். மாமியார் இன்னொரு டம்ளர் ஊற்றினார், அதையும் குடித்தார். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் அவ்வளவு நேரம் ஊர்ந்து வந்தவர் வேறு. சற்று நேரத்தில் நெளிய ஆரம்பித்தார்.

"அம்மா, பாத்ரூம் எந்தப் பக்கம்?"

மாமியார் பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டோக்கன் வச்சிருக்கீங்களா?"

அவர் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கி, அவர் முகம் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு முகமாக மாறியது. ஆணி காலியாக இருக்கும்போது எங்கள் எல்லோருக்கும் அந்த முகம்தான்.

"என் மாப்பிள்ளை சர்க்கரைக்காரரு சார்" என்றார் மாமியார். "பின்பக்கம் இருக்கு, போங்க."

திரும்பி வந்தவர் மாலையை மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் ஆணியில் டோக்கன் இல்லை. அடுத்த சில நாளில் ஆணியும் இல்லை. ‘ஒன்றுபட்ட போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி’ என்று பிரான்சிஸ் கேட் முன்னால் நோட்டீஸ் ஒட்டினார். அதில் மாமியார் பெயர் இல்லை. (நான் உள்ளே வரும்போதெல்லாம் "வாங்க, துக்க வீட்டுக்காரரே" என்று கூப்பிடுவதை மட்டும் எவரும் நிறுத்தவில்லை.)

வீட்டில்தான் தாங்க முடியவில்லை. வருஷா வருஷம் அந்தத் தேதியில் மாமியார் தன் திதியைக் கொண்டாடுகிறார். செத்தவருக்குப் பிடித்ததைத்தான் படைக்க வேண்டுமாம். அவருக்குப் பிடித்தது மட்டன் பிரியாணியாம். கலாவும் சேர்ந்துகொண்டு சிரிக்கிறாள். மற்ற நாளிலாவது விடுகிறாரா? வேலை முடிந்து அலுத்துப்போய் வந்து, டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா அத்தை என்று கேட்டால், "செத்தவகிட்ட என்ன கேள்வி மாப்பிள்ளை?" என்று சொல்லிவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்.