மந்திரியின் சீழ்க்கை

நெடுங்கரை நாட்டில் யாரும் ஓலை எழுதுவதில்லை. மைனாவிடம் சொல்லி அனுப்புவார்கள். சொன்னதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டு பறக்கும் அந்தப் பறவை, உரியவர் தமக்கே உரிய சீழ்க்கையை அடித்தால்தான் வாய் திறக்கும். வேறு யார் பழம் காட்டினாலும், கழுத்தைத் திருகினாலும் மூச்சு விடாது. ஒவ்வொரு வீடும் தன் மைனாக்களைத் தானே வளர்த்துப் பழக்கியது. கூண்டு கழுவுவது நாற்றம் பிடித்த வேலைதான். ஆனால் வீட்டுப் பேச்சு வீட்டோடு இருந்தது.

செம்பாயிக்கு ஒரே தம்பி, கயிலன். அரசர் கட்டிய அணையில் விரிசல் இருக்கிறது என்று சந்தையில் நின்று சொன்னவன். விரிசலை அடைப்பதைவிட அவனை அடைப்பது சுலபம் என்று அரசவை கருதியதால், மலைக்காட்டில் ஒளிந்திருந்தான். அக்காவின் மைனா மட்டும் அவனிடம் போய்வந்தது.

அப்போதுதான் அரசர் இலவச மைனாச்சாலை திறந்தார். தீனி அரண்மனைச் செலவு. கூண்டு கழுவும் தொல்லை இல்லை. ஊரே அங்கே மாறியது. அரண்மனை மைனா அங்கே சேர்ந்தவர்களிடம் மட்டுமே போய்வந்தது; செம்பாயியின் மைனாவுக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. நாத்தனார் மகளின் கல்யாணமே முடிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

“நானும் அங்க மாறப்போறேன். நீயும் வந்துடு தம்பி. கூண்டு கழுவியே கையெல்லாம் புண்ணு” என்று சொல்லி அனுப்பினாள்.

“வேணாம்க்கா. தீனி போடுறவன் பேச்சைத்தான் அது கேக்கும்” என்று பதில் வந்தது.

“சீழ்க்கை நம்மளோடதுதானே? நீ வரலைன்னா உன்கிட்ட நான் எப்படிடா பேசுறது?”

அக்காவின் குரல் இல்லாமல் காட்டில் காலம் தள்ள அவனால் முடியாது. ஒப்புக்கொண்டான். செம்பாயி தன் மைனாக்களைத் திறந்துவிட்டாள்.

சில மாதம் கழித்துப் பாதுகாப்பு மந்திரி சபையில் எழுந்தார். “பிள்ளை பிடிப்பவர்களும் மைனாவில்தான் பேசுகிறார்கள். ஆகவே எல்லா மைனாக்களும் இனி என் சீழ்க்கைக்கும் வாய் திறக்கும். மக்களின் அந்தரங்கம் எமக்குக் கண் போன்றது. அதனால்தான் அதைத் திறந்தே வைக்க விரும்புகிறோம்.”

“திருடன் அந்தச் சீழ்க்கையைக் கற்றுக்கொண்டால்?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

“திருடன் சீழ்க்கை அடிப்பது சட்டவிரோதம்” என்றார் மந்திரி. “உடன்படாதவர்கள் தாராளமாக விலகலாம். யாரையும் வற்புறுத்தவில்லை.”

மறுநாளே, வீட்டில் மைனா வளர்ப்பது குற்றம் என்று ஆணை வந்தது. திருடர்கள் சீக்கிரமே சீழ்க்கையைக் கற்றுக்கொண்டு, ஆளில்லாத வீடுகளாகப் பார்த்து நுழைந்தார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் கைச்சாடையில் பேசிக்கொண்டார்கள்.

ஆணையைக் கேட்டதும் செம்பாயிக்குத் தம்பியின் நினைவுதான் வந்தது. காட்டில் இருப்பவனுக்கு இந்த ஆணை தெரியாது. அவனை எச்சரிக்கவும் மந்திரிக்கும் வாய் திறக்கும் அந்த மைனாவைத்தான் அனுப்ப வேண்டும். வாயை மூடிக்கொண்டால் அவனாகப் புரிந்துகொள்வான் என்று நம்பி, பேசாமல் இருந்தாள். அதுதான் அவள் செய்த பெரிய பிழை.

ஒரு காலை அரண்மனை மைனா அவள் ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. தன் சீழ்க்கையை அடித்தாள்.

“அக்கா, ஏன் பேச்சையே காணோம்? உடம்பு சரியில்லையா? ஊத்துப்பாறைக்குக் கீழதான் இருக்கேன். யார்கிட்டயாவது சொல்லி அனுப்புக்கா, நான் வந்து பாக்குறேன்.”

பறவை தொண்டையைச் செருமிக்கொண்டு, வேறொரு கம்பீரக் குரலில் தொடர்ந்தது: “மேற்படி நபர் நேற்று மாலை முதல் அரண்மனைப் பொறுப்பில் இருக்கிறார். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. அவருக்குப் பதிலாக நீங்கள் பேச விரும்பக்கூடியவர்கள்…”

பெயர்களை வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, அவள் பதிலுக்காகத் தலை சாய்த்துக் காத்திருந்தது. நான்தானே அவனைக் கூப்பிட்டேன் என்று யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல் இருந்தது செம்பாயிக்கு. வேறு பறவை இல்லை. அதனிடமே சொன்னாள்.