கால்வாய் பார்க்க வந்த லேடி ஆபீசர்

நடந்தவை, வரிசைப்படி:

1. லாக்டவுன் வந்தது.
2. பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் சின்ன வீட்டுக்குள் அப்பா, அம்மா, அண்ணன், நான் நால்வரும் நாள் முழுக்க அடைந்து கிடந்தோம்.
3. காற்று வாங்கலாம் என்று நான் கால்வாய்ப் பக்கம் போனேன்.
4. எங்கள் வீட்டின் பின்னறை இடிந்தது.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் என் கை இருக்கிறது. அந்தக் கையில் ஒரு சிவப்புச் சாக்பீஸும் இருந்தது.

முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இன்ஜினியரிங் சேர்ந்தபோது, ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த அப்பா லீவு போட்டுத் தன் கையாலேயே கட்டியது. ஹாலோ பிளாக் சுவர், மேலே சிமென்ட் ஷீட். கொசுவுக்குப் பயந்து ஜன்னல் வைக்கவில்லை. ஆனால் கதவு இருந்தது. ஹாலில் அண்ணன் தண்ணீர் ஃபில்டர் விற்கும் வேலையை போனிலேயே நடத்திக்கொண்டிருந்தான். "ஒரே நிமிஷம் சார், ஒரே நிமிஷம்" என்று காலையிலிருந்து மாலைவரை கெஞ்சுவான். சமையலறையில் அம்மாவின் குக்கர். சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்ததால்தான் என் வேலை பிழைத்தது. (மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேர் எங்கே உடையும் என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பின்னால் நடந்ததைப் பார்த்தால் பொருத்தமான ஆள்தான்.)

சில வாரங்களில் கால் அடங்க மறுத்தது. மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜைக்கடியில் அது தனியாக நடந்துகொண்டிருந்தது. காலையில் காய்கறி வாங்க வெளியே விடும் நேரத்தில், முகக்கவசம், தொப்பி, போலீஸ் கேட்டால் காட்ட கழுத்தில் ஆபீஸ் கார்டு சகிதம் கிளம்பினேன். நடக்கும் தூரத்தில் இருந்தும் இதுவரை பார்க்காத எல்லாவற்றையும் பார்த்துவிடுவதாகத் திட்டம்.

முதலில் முக்கு ரோட்டு பப். இத்தனை வருடம் அதைத் தாண்டித்தான் பஸ் ஏறியிருக்கிறேன். அப்பாவுக்குப் பயந்து உள்ளே போனதில்லை. இப்போது அது மூடிக் கிடக்கிறதென்ற தைரியத்தில் போய்க் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். மேஜைமேல் தலைகீழாக நாற்காலிகள். பின்பக்கமாகச் சுற்றினால் காலி பீப்பாய்கள், கொடியில் வாட்ச்மேனின் லுங்கி. ரோட்டில் நின்று பார்த்தால் லண்டன்; பின்னால் வந்தால் எங்கள் தெருவேதான்.

அந்தப் பின்பக்கத்தில்தான் கால்வாய் ஓடியது. கன்னடத்தில் ராஜகாலுவே என்று பேர். ராஜாக்கள் வந்து பார்க்கும் நிலையில் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் போவதும் இதுதான் என்று தெரியும். ஆனால் எங்களுக்கு அது ஒரு வாடையாகத்தான் பழக்கம், கண்ணால் பார்த்ததில்லை. ஓரத்தில் ஒற்றையடிப் பாதை போல ஒன்று இருந்தது. அது எங்கே போகிறதென்று பார்த்துவிட்டால் மனம் அடங்கும் என்று தோன்றியது.

ஒரு நாளில் கொஞ்ச தூரம்தான் போக முடியும். விட்ட இடம் மறுநாள் தெரிய வேண்டுமே. போனில் குறித்துக்கொண்டிருக்கலாம். நானோ கோலத்துக்கு அம்மா வைத்திருந்த சிவப்புச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய், நின்ற இடத்துச் சுவர்களில் எண் எழுதினேன். வழி இருந்தால் அம்புக்குறி, இல்லாவிட்டால் பெருக்கல் குறி. கால்வாயோரச் சுவரில் சிவப்புக் குறி விழுந்தால் பெங்களூரில் ஒரே அர்த்தம்தான்: ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்போகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாமல் இல்லை. எழுதும்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

பின்வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து நின்று, "மேடம், யாவ டிபார்ட்மென்ட்?" என்று, எந்த டிபார்ட்மென்ட் என்பதைக் கன்னடத்தில் கேட்டார். "சும்னே" என்றேன். சும்மாதான் என்று கன்னடத்தில் பவ்வியமாகச் சொன்னதாக என் நினைப்பு. அவர் முகம் மாறிவிட்டது. டீ குடிக்கிறீர்களா என்று தமிழில் கேட்டார். மறுநாள் அங்கே ஒரு நாற்காலி துடைத்துப் போடப்பட்டிருந்தது. இன்னொரு வீட்டில் எனக்காகக் கொடித் துணியை அவிழ்த்து வழி விட்டார்கள். கால்வாயோரத்து மக்களின் மரியாதையை நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

அதற்கடுத்த நாள் பாதை ஒரு சுவரில் முட்டி நின்றது. பூசாத ஹாலோ பிளாக். யாரோ பாதையையே விழுங்கி ஓர் அறை கட்டியிருந்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இப்படிப்பட்டவர்களால்தான் ஒரு மழைக்கே ஊர் மூழ்குகிறது என்று முணுமுணுத்தபடி, பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில், என் வழக்கப்படி ஏழுக்கு நடுவில் கோடு போட்டு, 17 என்று எழுதிவிட்டு வந்தேன்.

அன்று சாப்பிடும்போது அப்பா செய்தி சொன்னார். "கால்வாய்க்கு ஒரு லேடி ஆபீசர் வருதாம். கழுத்துல கார்டு. யாருகிட்டயும் பேசாதாம். நம்பர் போட்டுனே போவுதாம்."

ஆள் எப்படி என்று அம்மா கேட்டார்.

"நல்ல ஹைட்டாம். செவப்பா, லட்சணமா இருக்குமாம்."

எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் முக்கியமான ரிவ்யூ. கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று தலைமேல் வெயில் அடித்தது. நிமிர்ந்தால், ஷீட் இருந்த இடத்தில் வானம். வானத்தில் அப்பாவின் முகம்.

"நீ பேசும்மா. நான் மெதுவாத்தான் கழட்டுறேன்."

இன்று வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று மேனேஜர் பாராட்டினார். நான் மைக்கை அணைத்துவிட்டுக் கத்தினேன். அப்பா பொறுமையாக விளக்கினார். நம் சுவரிலும் குறி போட்டுவிட்டார்கள், ஜே.சி.பி. வந்து தட்டினால் வீடே ஆடிப்போகும். நாமே கழற்றினால் அறையோடு போகும். அண்ணன் அதற்குள் ஒரு பக்கச் சுவரைப் பாதி உடைத்திருந்தான். அந்த ஓட்டை வழியாக வெளியே போய்ப் பார்த்தேன். பெருக்கல் குறி. பக்கத்தில் 17. நடுவில் கோடு போட்ட ஏழு.

"அப்பா, அந்த ஏழு என்னோடது."

"எந்த ஏழு?"

"அந்த ஆபீசர் நான்தான்ப்பா."

அப்பா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஹைட்டுன்னாங்களே?"

மிச்சச் சுவரையாவது காப்பாற்றலாம் என்று நான் கெஞ்சினேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தி, கண்ணால் மேலே காட்டினார். அக்கம்பக்கத்து மொட்டைமாடிகளிலிருந்து எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் பாத்ரூம் கதவைக் கழற்றக் கையில் ஸ்பேனரோடு நின்றார்.

"இப்ப நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க," என்றார் அம்மா. "சொன்னா இவளத் தூக்கிக் கால்வாய்லயே போட்டுடுவாங்க."

 அப்பா சுத்தியலை எடுத்து, தான் கட்டிய அறையின் மிச்சத்தையும் தானே உடைத்தார். முடித்துவிட்டு முகம் கழுவி, பால் பூத்துக்குப் போய், தனக்கு இப்போதுதான் போன் வந்தது என்றும், அந்த ஆபீசரம்மாவை வைட்ஃபீல்டுக்கு டிரான்ஸ்ஃபர் செய்துவிட்டார்கள், இனி இங்கே இடிப்பு இல்லை என்றும் அறிவித்தார். பக்கத்து வீட்டுப் பாத்ரூம் பிழைத்தது. "ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாண்ணா" என்று தெருவே அப்பாவுக்காகப் பரிதாபப்பட்டது. இன்றும் படுகிறது. அவரும் "அவசரப்பட்டுட்டேன்" என்று தலையாட்டிக்கொள்கிறார்.

என் அலுவலகம் உண்மையிலேயே வைட்ஃபீல்டில்தான் இருக்கிறது. இப்போது பாதி நாட்கள் அங்கே போகிறேன். நான் வாசல் தாண்டும்போதெல்லாம் அண்ணன், "ஆபீசரம்மா டூட்டிக்குக் கிளம்பிட்டாங்க" என்று உள்ளே குரல் கொடுப்பான். மீதி நாட்களில் சமையலறை மேடைமேல் லேப்டாப்பை வைத்து வேலை செய்கிறேன். பேச வேண்டியதைக் குக்கர் அடுத்த விசில் அடிப்பதற்குள் பேசி முடித்துவிடுவேன். பின்னறையை இன்னும் கட்டவில்லை.