ஐந்து படியும் ஆறு மெழுகுவத்தியும்

விருத்தாசலத்துக்காரனுக்குக் குளிர் என்றால் மார்கழியில் காதுக்கு மப்ளர் கட்டுவது. இந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு வானிலை சொன்னவன் நான். சொன்னதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை.

அங்கே அக்காவுக்குத் தலைப்பிரசவம். அம்மா உதவிக்குப் போயிருந்தார். இங்கே நானும் அப்பாவும் ஒரு போனும். நாள் நெருங்கிய வாரத்தில் அக்கா ஊருக்குப் புயல் எச்சரிக்கை வந்தது. பனி கொட்டும் என்றிருந்தால்கூட அப்பா தாங்கியிருப்பார். இது வேறு. மழை மழையாகவேதான் விழுமாம். கீழே குளிர் உறைநிலைக்கும் குறைவாக இருந்தால், பட்ட இடத்திலெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்துவிடுமாம். கால் அங்குலம் படிந்தால் மரக்கிளை முறியும், கரண்ட் போகும், கார் நகராது. ஆஸ்பத்திரியோ நாற்பது நிமிஷத் தூரம்.

போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐஸ் படியும் இடத்துக்கு ரோஸ் கலர். அக்கா வீடு அதன் ஓரத்தில் இருந்தது. மதியம் பார்த்தால் உள்ளே, சாயங்காலம் பார்த்தால் வெளியே.

"என்னடா சொல்லுது போனு?" என்று அரை மணிக்கொரு தடவை அப்பா கேட்பார்.

"ஒரு டிகிரில நிக்கிதுப்பா. கொறைஞ்சா ஐஸு, ஏறுனா வெறும் மழை."

"ஒரு டிகிரிக்கா இவ்ளோ கூத்து?"

(நியாயமான கேள்வி. அதோடு விட்டிருக்கலாம்.)

நான் அப்போது ஒரு செராமிக் கம்பெனியில் கிளேஸ் பிரிவில் இருந்தேன். கப்பை கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்தால் ஒரு பூச்சு படியும். சூளையில் வெந்ததும் அதுதான் கண்ணாடிப் பளபளப்பு. கப்பின் அடியில் மட்டும் அது படியக் கூடாது, சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அடியில் முதலிலேயே மெழுகு தடவிவிடுவோம். அக்கா ஊரில் படியப்போவதும் கண்ணாடிப் பூச்சுதானே என்று என் மூளை வேலை செய்தது.

மறுநாள் காலை அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

"ம்மா, வாசப்படி எத்தினி?"

"அஞ்சு. ஏன்டா?"

"மெழுகுவத்தி இருக்குதா? எல்லாப் படியிலயும் அழுத்தித் தேய்ச்சு வுடு. ஐஸு ஒட்டாது."

"மாப்ள உப்பு போடலாம்னாரு. ஐஸு கரையறதுக்கு இங்க எல்லாரும் அதான் போடறாங்களாம்."

"உப்பு கருவாட்டுக்கும்மா. நான் எட்டு வருசமா இந்தத் தொழில்ல இருக்கறேன்."

கரண்ட் போனால் ஏற்ற வாங்கி வைத்திருந்த ஆறு மெழுகுவத்தியும் தீர்ந்தன. புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அம்மா குந்தித் தேய்த்தார். நான் மேற்பார்வை பார்த்தேன். "ஓரத்துல வுட்டுட்ட பாரு" என்று வேறு சொன்னேன்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. அங்கே பொழுது விடிந்திருந்தது.

"வலி எடுத்துடுச்சுடா, கெளம்பறோம்" என்றார் அம்மா. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பையைத் தூக்கிக்கொண்டு முதலில் வெளியே போனார். கதவு திறந்த சத்தம் கேட்டது. அப்புறம் ஐந்து சத்தம், படிக்கு ஒன்று.

அம்மா கையிலிருந்த போன் வழியாக வெளியே பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, வெறும் மழை. எதிர்வீட்டு அம்மாள் குடை பிடித்துக்கொண்டு நாயோடு சாவகாசமாக நடந்துகொண்டிருந்தார். ராத்திரியில் ஒரு டிகிரி ஏறிவிட்டது. அந்த ஊரிலேயே வழுக்கிய இடம் எங்கள் அக்கா வீட்டுப் படி ஒன்றுதான்.

"அவரு எழுந்துக்கலடா!" என்று அம்மா கத்தினார். பின்னால் அக்கா அலறினாள். வலியிலா பயத்திலா தெரியவில்லை. போன் கட்டாகிவிட்டது.

அடுத்த இரண்டு மணி நேரம் எதிரிக்கும் வரக் கூடாது. அக்காவுக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தான். சாமி படத்துக்கு முன்னால் நின்றேன், வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. அப்பா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "கொளஞ்சியப்பர்ட்ட உம்மேல பிராது கட்டறேன்டா" என்று மட்டும் சொன்னார்.

பெண் குழந்தை பிறந்தது. எதிர்வீட்டு அம்மாள் ஓடி வந்து, அக்காவைப் பின்வாசல் வழியாகப் புல்லில் நடத்தி, தன் காரிலேயே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். முன் சீட்டில் மாமா, கணுக்கால் முறிந்து. முதல் போட்டோவில் குழந்தைக்குத் துணிச் சுற்று, அதன் அப்பாவுக்கு மாவுக்கட்டு. நான் அதைப் பார்த்து விக்கி விக்கி அழுதேன்.

அப்பா சொன்னதைச் செய்தார். மனக்குறையைச் சீட்டில் எழுதிக் கொளஞ்சியப்பர் கோயிலில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். குறை தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். 'என் மகன் இனி யாருக்கும் வானிலை சொல்லக் கூடாது' என்று எழுதிக் கட்டிவிட்டு வந்தார். அக்கா குடும்பம் ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா கேட்பார்: "என்ன மாப்ள, வாபஸ் வாங்கிடலாமா?" மாமா காலை நீட்டிப் பார்த்துவிட்டு, "அவசரம் என்னங்க மாமா, இருக்கட்டும்" என்பார். வீடே சிரிக்கும்.

இந்த வருஷம்தான் மாமா மனமிரங்கினார். கோயிலுக்குக் கிளம்ப அப்பா சட்டை மாட்டினார். எல்லோரும் வாசலுக்கு வந்தோம். அம்மா குடையை எடுத்தார். நான் வானத்தை அண்ணாந்து பார்த்து, "மழைலாம் வராதும்மா, வச்சிட்டு வா" என்றேன்.

அப்பா உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.