வேலை தேடுகிறார், எங்கும் போவதில்லை

என் கணவரை வேலைவெட்டி இல்லாதவர் என்று அரசாங்க ஏட்டில் எழுதி வைத்தவள் நான்தான். சண்டை போட்டுக் கோபத்தில் எழுதவில்லை. அவர் யாரென்றே தெரியாத காலத்தில், முத்து முத்தான கையெழுத்தில், மனசாட்சிப்படி எழுதினேன். எழுதியதோடு நின்றிருக்கலாம். நாலு பேர் நடுவில் அதை வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன்.

போன மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நடந்தது இது. எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், எனக்கு டீச்சர் வேலை சிதம்பரத்தில். தினமும் ரயிலில் போய் வருவேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தெருக்களை என் தலையில் கட்டினார்கள். (தெருவுக்கு மூன்று நாய் என்பதைப் பயிற்சி வகுப்பில் யாருமே சொல்லவில்லை.)

என்ன படிப்பு, என்ன வேலை, வேலைக்கு எதில் போகிறார், எத்தனை கிலோமீட்டர். இவ்வளவுதான் விஷயம். இதற்கு நேராகப் பதில் சொன்னவரை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாசலில் கார் நிற்கும், "கூலின்னு போட்டுக்கம்மா" என்பார். வேலைக்கு எதில் போறீங்க என்று இன்னொருவரைக் கேட்டால், "பஸ்லயும் போவேன், மச்சான் வண்டியிலயும் போவேன், மழ வந்தா போவ மாட்டேன், எத வேணா எழுதிக்க" என்பார். எல்லோருக்கும் ஒரே பயம். உண்மையைச் சொன்னால் ரேஷன் கார்டு போய்விடுமாம். ஐயா, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, நீங்க சொல்றத நாங்க வெளியே மூச்சு விடக் கூடாது, சட்டம் அப்படி என்று வீட்டுக்கு வீடு கத்தி என் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அப்படி ஒரு மத்தியானம் போன வீடுதான் பிலோமினா அம்மாவின் வீடு. வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டு, முகம் கறுத்து, பேய் மாதிரி நின்ற எனக்கு அந்தம்மா மோர் கொடுத்தார். வீட்டுக்காரர் உயிரோடு இல்லை, இரண்டு மகன்கள். இளையவன் சகாயம் எட்டாவது.

"பெரியவர் என்ன செய்றாரும்மா?"

"ஆரோக்கியராஜா? அவன் ஒண்ணும் செய்யலம்மா. வேல தேடுறான்."

"படிப்பு?"

"பத்தாவதுதான். பிளஸ் டூ ஃபெயிலு."

"வேலைக்கு எங்கயாவது போய் வர்றாரா?"

"எங்கயும் போறதில்லம்மா, வூட்டோடதான் கெடக்கறான்."

கொடியில் அயர்ன் செய்த சட்டைகள் வரிசையாகத் தொங்கின. அது யாருடையது என்றேன். "வேல தேடப் போறப்ப போட்டுக்குவான்" என்றார் அந்தம்மா. சந்தேகம் வந்தது. ஆனால் வாயில் மோர் இருந்தது. எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். இது நாலாவது வரன். முதல் மூன்றும் ஒரே காரணத்தால் கைநழுவிப் போயின: 'பொண்ணு வாய் ஜாஸ்தி.' தங்கை வேறு கல்யாணத்துக்கு நிற்கிறாள். இதுவும் போனால் அப்பா உடைந்துபோவார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனால் அம்மா அன்று காலை மாதா கோயில் பூசையிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். "காபிய குடு, சிரி, உள்ள வந்துடு. வாயத் தொறந்தே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

வரனைக் கொண்டுவந்தவர் எங்கள் கோயில் உபதேசியார். மாப்பிள்ளை பெயர் ஆரோக்கியராஜ், ஊர் சிதம்பரம் என்று முன்பே சொல்லியிருந்தார். எனக்கு ஒன்றும் பொறி தட்டவில்லை. எங்கள் பக்கத்துக் கோயில்களில் தடுக்கி விழுந்தால் ஒரு ஆரோக்கியராஜ் மேல்தான் விழ வேண்டும்.

தட்டோடு கூடத்துக்கு வந்தேன். உபதேசியார் முழங்கிக்கொண்டிருந்தார். "மாப்ள டிப்ளமோ மெக்கானிக்கல். நம்ம கடலூர்லதான் கம்பெனியில சூப்பர்வைசர். தெனம் சிதம்பரத்துலேருந்து ட்ரெயின்ல வர்றாரு."

முதல் டம்ளரை நீட்டினேன். எடுத்துக்கொண்டது பிலோமினா அம்மா.

ஐயோ மாதாவே! மோர் ஞாபகம் வந்தது, கொடியில் தொங்கிய சட்டை ஞாபகம் வந்தது. பதினைந்து நாள் வெயிலில் கேட்ட பொய்யெல்லாம் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தது. இந்த முறை என் தலையிலேயே மிளகாய் அரைக்கப் பார்க்கிறார்களே!

"டிப்ளமோவா?" என்றேன். "பத்தாவது! பிளஸ் டூ ஃபெயில்! வேலை கிடையாது, தேடிக்கிட்டிருக்கார்! வீட்ட விட்டு எங்கயும் போறதில்ல!"

உள்ளேயிருந்து அம்மா, "போச்சு, நாலாவதும் போச்சு" என்றார்.

"யாரும்மா சொன்னது உனக்கு?" என்றார் உபதேசியார்.

"இவுங்கதான்! நான்தான் கணக்கெடுக்கப் போனேன். இவுங்க சொல்லச் சொல்ல எழுதினேன்."

பிலோமினா அம்மா என்னை உற்றுப் பார்த்தார். துண்டையும் வெயிலையும் கூட்டிப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்தார். கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அது கவர்மெண்டுக்குச் சொன்னதும்மா!" என்று அவர்தான் என்மேல் எரிந்து விழுந்தார். "இது உங்களுக்குச் சொல்றது! ரெண்டும் ஒண்ணா? கார்டு போயிட்டா நீயா அரிசி போடுவ?"

"எம்மா, அதுக்காக என்னை ஃபெயிலாக்கிட்டியா?" என்று தலையில் கை வைத்தார் மாப்பிள்ளை. அதுவரை அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

அதற்குள் எங்கள் அப்பா எழுந்துவிட்டார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏண்டி, ஜனங்க சொல்றத வெளிய சொல்லக் கூடாது, சட்டம்னு நீதான ஊரெல்லாம் சொன்ன? முப்பது வருஷம் தபால் தூக்கியிருக்கேன். ஒரு கார்டுல படிச்சத இன்னொரு வூட்டுல சொன்னதில்ல!" (படித்திருக்கிறார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.)

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தம்மா சொன்னது பொய்தான். ஆனால் வெளியே போகாது என்று என்னை நம்பிச் சொன்னார், நான் சபையில் போட்டு உடைத்தேன். இரண்டில் எது பெரிய தப்பு என்று எனக்கே தெரிந்தது. "மன்னிச்சுக்குங்கம்மா" என்றேன்.

மாப்பிள்ளை பர்ஸைத் திறந்து ரயில் சீசன் டிக்கெட்டை எடுத்து என் தட்டில், காபிக்குப் பக்கத்தில் வைத்தார். சிதம்பரத்திலிருந்து கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வரை. தேதி சரி, போட்டோ சரி. டிக்கெட் பரிசோதகர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழக்கதோஷம் விடவில்லை.

"ஒரு வழி எத்தன கிலோமீட்டர்?"

"நாப்பது சொச்சம்" என்றார். "நீங்க அங்க வர்றப்ப நான் இங்க வர்றேன். வழியில ரெண்டு ட்ரெயினும் கிராஸ் ஆவுது."

முதலில் சிரித்தது அவர்தான். கல்யாணம் நடந்தது.

ஆனால் கணக்கை மட்டும் திருத்த முடியவில்லை. படிவங்களை அதற்கு முன்பே ஒப்படைத்துவிட்டிருந்தேன். மேற்பார்வைக்கு இருந்த ஹெட்மாஸ்டரிடம் கெஞ்சினேன். "டீச்சர், வீட்டுல சொல்லித்தான எழுதினீங்க? அவுங்க வந்து மாத்திச் சொல்லட்டும், பாக்கலாம்" என்றார். மாமியாரை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் சரிசெய்துகொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதுவோ தள்ளித் தள்ளிப் போனது. என் கணவர் பதவி உயர்வு வாங்கினார், வீடு கட்டினார், எங்கள் மகள் ஹைஸ்கூலுக்கே போய்விட்டாள். அரசாங்கக் கணக்கில் அவர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். கடைக்குப் போய் வாங்க என்றால் நாற்காலியை விட்டு எழாமல், "நான்தான் எங்கயும் போறதில்லையே, நீயே எழுதியிருக்க" என்கிறார்.

இப்போது மறுபடி கணக்கெடுக்கப் போகிறார்கள். மாமியாரை உட்கார வைத்து, இந்த முறையாவது எல்லாம் உண்மையாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கொழுந்தன் சகாயம் இன்ஜினியராகி, அவனுக்கும் பெண் தேடிக்கொண்டிருக்கிறோம்.

"சரிம்மா" என்றார் கடைசியில். "வர்ற டீச்சருக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு மொதல்ல கேட்டுட்டு வா. ஆயிடுச்சுன்னா, சகாயத்துக்கு வேல இல்ல. ஆவலன்னா, இன்ஜினியரு."